நாற்பத்துமூன்று தடவை திறந்த கதவு

எங்கள் ஆபீசில் அவளுக்குக் கஞ்சம் என்று பெயர். வைத்தவன் நான். ஆள் கஞ்சம் கிடையாது. யாருக்காவது காய்ச்சல் என்றால் மாத்திரை வாங்கி வந்து, அதை விழுங்கும்வரை பக்கத்திலேயே நிற்கிற ரகம். கஞ்சத்தனம் எல்லாம் கம்ப்யூட்டர் மெமரியில்தான்.

நாங்கள் கம்ப்யூட்டர் கேம் செய்கிறவர்கள். மாடியில் ஒரே அறை, ஏழு மேசை, ஏழு பேர், ஒழுகுகிற ஏசி ஒன்று, அதற்குக் கீழே ஒரு வாளி. செய்ததும் ஒரே கேம்தான். மலைப்பாதையில் பஸ் ஓட்ட வேண்டும். ஸ்டாப்பில் நிறுத்தி, கதவைத் திறந்து, ஆட்களை ஏற்றி இறக்கி, கதவை மூடிக்கொண்டு கிளம்ப வேண்டும். சுடுவது, குத்துவது எதுவும் இல்லை. அதனால் பெரிய கூட்டம் எங்களைத் தேடி வரவில்லை. வந்த சிலர் போகவும் இல்லை.

கேம் ஓடும்போது கம்ப்யூட்டரின் மெமரியில் இடம் பிடிக்கும். சமையல் மேடை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். நறுக்கி முடித்த தட்டை எடுத்தால்தான் அடுத்த பாத்திரத்தை வைக்க முடியும். எதையும் எடுக்காமல் கொண்டுவந்து அடுக்கிக்கொண்டே போனால், ஒரு கட்டத்தில் எல்லாம் சரிந்து தரைக்கு வரும். அதுதான் கிராஷ். திரை அப்படியே உறைந்து, கேம் மூடிக்கொள்ளும். அந்தச் சரிவு நடக்காமல் பார்த்துக்கொள்வது கஞ்சத்தின் வேலை.

எங்கள் ஓவியர் மூன்று நாள் உட்கார்ந்து ஒரு மரம் வரைந்து கொண்டுவருவார். இவள் அதன் அளவைப் பார்த்துவிட்டு, "பஸ் இந்த மரத்தடியில நிக்கப் போகுதா, தாண்டிப் போகப் போகுதா?" என்பாள்.

"தாண்டித்தான் போகும்."

"அப்ப பாதி இலை போதும்."

ஓவியர் என்னிடம் வந்து புலம்புவார். நான் அவருக்கு ஆறுதல் சொல்ல மாட்டேன். எனக்கு ஆறுதல் சொல்ல வராது. என் வேலையே உடைப்பதுதான். கேமை எப்படியெல்லாம் ஓட்டக் கூடாதோ அப்படியெல்லாம் ஓட்டுவேன். பஸ்ஸைப் பள்ளத்தில் தள்ளுவேன், அரைமணி நேரம் ஹாரனை அழுத்திக்கொண்டே இருப்பேன், பின்பக்கமாகவே மலை ஏறுவேன். எங்கே விழுகிறதோ அதை எழுதி அவள் மேசையில் வைப்பேன். பதினொரு வருஷம் பக்கத்துப் பக்கத்து மேசை. நான் உடைக்க, அவள் ஒட்ட, அப்படியே வண்டி ஓடியது.

வெளியே ஆடுகிறவர்களிடம் கேம் விழுந்தாலும் எங்களுக்குத் தெரியும். விழுந்ததும் திரையில் ஒரு சின்னப் பெட்டி வரும். மன்னிப்புக் கேட்டுவிட்டு, "என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?" என்று ஒரு கேள்வி. கீழே எழுத இடம். அனுப்பு என்பதை அழுத்தினால் எந்த மெஷின், அதில் எவ்வளவு மெமரி, பஸ் எங்கே நின்றது என்ற விவரமெல்லாம் எங்களுக்கு வரும். மெஷினுக்கு ஒரு எண்தான் உண்டு. ஆளின் பெயரோ ஊரோ வராது.

முதல் வருஷம் அந்தப் பெட்டியில் வந்ததெல்லாம் வசவு. அம்மா, அப்பா, தாத்தாவரை ஒருவரையும் விட்டுவைக்கவில்லை. கஞ்சம் ஒன்று விடாமல் படிப்பாள். படித்துவிட்டு மத்தியானம் சாப்பிடாமல் இருப்பாள். ஒருநாள் அந்த எழுத்துப் பகுதி மட்டும் எங்கள் திரையில் தெரியாதபடி மறைத்துவிட்டாள். அதற்குப் பெட்டியையே எடுத்துவிடலாமே என்றேன்.

"எழுதினா கோவம் ஆறிடும்யா. எழுதிட்டுப் போகட்டும். எங்கயாவது சேர்ந்து கெடக்கட்டும். என் கண்ணுல படாம இருந்தா போதும்."

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. ஆடுகிறவர்களிடம் நாங்கள் இதைச் சொல்லவில்லை. யார்தான் சொல்வார்கள்?

அவளுக்குக் கூடப் பிறந்தது ஒரே அண்ணன். அவர் பஸ் டிரைவர், நிஜ பஸ். இருபத்தாறு வருஷம் ஓட்டிவிட்டு, சர்க்கரை வியாதியில் வலது பாதத்தை இழந்தார். பிரேக் மிதிக்கிற கால். வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்து சுவரை வெறித்துக்கொண்டிருந்தவருக்கு, இவள் ஆபீசில் கழித்துப்போட்ட பாகங்களைப் பொறுக்கி ஒரு கம்ப்யூட்டர் சேர்த்துக் கொடுத்தாள். மெமரிக்கு மாட்டும் குச்சிகூட ஜோடியாகக் கிடைக்கவில்லை. ஒன்று இரண்டு ஜிபி, இன்னொன்று ஒரு ஜிபி. அண்ணன் சிரித்தாராம். "எனக்கே ஒத்தக் கால். இதுக்கு என்ன ஜோடி வேண்டிக் கெடக்கு?"

எங்கள் பஸ் கேமைப் போட்டுக் கொடுத்துவிட்டு, "நின்னு போச்சுன்னா ஒரு பெட்டி வரும்ணா. என்னாச்சுன்னு எழுதி அனுப்பு. அது எங்கிட்டதான் வரும்" என்று சொல்லிவிட்டு வந்தாள். பொய் என்றும் சொல்ல முடியாது. விவரம் அவளிடம்தான் வரும். எழுத்துதான் வராது. அந்த நேரத்தில் அதை யோசிக்கவில்லை. அண்ணனும் அப்போதெல்லாம் போனிலேயே கத்துவார். "உங்காளு யாராவது பஸ் பாத்திருக்கானா? வளைவுல இப்படியாடி சாயும்?" என்பார். அவள் சிரித்துக்கொண்டே வந்து எங்களிடம் சொல்வாள். அவர் சொல்லித்தான் வளைவில் பஸ் சாய்கிற விதத்தையே மாற்றினோம்.

பிறகு அவள் அம்மா ஆஸ்பத்திரியில் படுத்தார்கள்.

அன்று எங்கள் கேமின் புதுப் பதிப்பு வெளியாகும் நாள். அண்ணன் மூன்று தடவை கூப்பிட்டார். மூன்று தடவையும் இவள், "வர்றேன்ணா, கொஞ்சம் வேலை இருக்கு, வந்துடறேன்" என்றாள். நான் பக்கத்து மேசையில் இருந்தேன். வேலை மத்தியானமே முடிந்துவிட்டது. எல்லாரும் எழுந்து போய்விட்டார்கள். இவள் மட்டும் ஏற்கனவே துடைத்து வைத்ததைத் திறந்து திறந்து மறுபடி துடைத்துக்கொண்டிருந்தாள். கிளம்புங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஊரையே வாயால் உடைக்கிறவன், அன்றைக்குப் பார்த்து மரியாதஸ்தனாகிவிட்டேன். சாயங்காலம் நாலாவது போன் வந்தது. அண்ணி பேசினாள். இவள் பையை எடுத்துக்கொண்டாள்.

நானும் கூடப் போனேன். வீடு நிறைய ஆட்கள். அண்ணன் அம்மாவின் தலைமாட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். இவளைப் பார்த்ததும் அத்தனை பேர் எதிரிலும் கேட்டார்: "எல்லாம் முடிஞ்சப்புறம் தொடச்சுப் போட வந்தியா? அதானே உன் வேலை."

அதுதான் அவர் இவளிடம் கடைசியாகப் பேசியது. இரண்டு வருஷம் ஆயிற்று. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் இவள் போன் செய்வாள். அண்ணி எடுப்பாள். அண்ணன் குளிக்கிறார் என்பாள், இல்லாவிட்டால் தூங்குகிறார். "ஒரு மனுஷன் ஞாயித்துக்கெழம முழுக்கவா குளிப்பாரு?" என்று என்னிடம் சிரிப்பது மாதிரி சொல்வாள். முகம் சிரிக்காது. ஒரு வருஷம் கழித்து அந்தப் போனையும் நிறுத்திவிட்டாள். கையை நீட்டி நீட்டி வலித்துப்போய்விட்டது போல.

ஒருநாள் ஏசிக்குக் கீழே வாளியை மாற்றிக்கொண்டிருந்தவள், திரும்பாமலே சொன்னாள்: "திட்டினாக்கூடப் போதும்யா. எங்கிட்ட பேசணும். அவ்வளவுதான்."

நான் நிரம்பிய வாளியைக் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வந்தேன்.

இந்த வருஷம் ஒரு பெரிய கம்பெனி எங்கள் கேமை எடுத்து உலகம் முழுக்க விற்க முன்வந்தது. ஒரே நிபந்தனை வைத்தார்கள். ஆயிரம் தடவை ஆடினால் ஐந்து தடவைக்கு மேல் விழக் கூடாது. எங்களுக்குப் பத்தொன்பது விழுந்துகொண்டிருந்தது. மூன்று மாதம் அவகாசம். மேனேஜர் சுவரில் ஒரு வெள்ளைப் பலகை மாட்டி, தினமும் காலையில் எண்ணை எழுத ஆரம்பித்தார்.

கஞ்சம் அந்த மூன்று மாதம் பேயாக உழைத்தாள். பஸ்ஸிலிருந்து இறங்கிப் போன பயணிகள், திரையில் மறைந்தாலும் மெமரியில் இறங்காமல் உட்கார்ந்திருந்ததைக் கண்டுபிடித்தாள். "மலை ஏறும்போது நாப்பது பேர், இறங்கும்போது நானூறு பேர். டிக்கெட் இல்லாத பிரயாணம்" என்று ஒவ்வொருவராக இறக்கிவிட்டாள். தாண்டிப் போன வளைவுகளின் பாறைகளையும் புல்லையும் அப்புறப்படுத்தினாள். பத்தொன்பது பன்னிரண்டாயிற்று, ஒன்பதாயிற்று, ஏழாயிற்று. ஏழிலேயே நின்றது. கெஞ்சிப் பார்த்தோம், கொஞ்சிப் பார்த்தோம், அசையவில்லை.

கெடு முடிய இரண்டு நாள் இருந்தபோது, நான் அந்த ஏழையும் பிரித்துப் பார்த்தேன். அதில் மூன்று ஒரே மெஷினிலிருந்து வந்தது. தினமும் இரண்டு தடவை, மூன்று தடவை. எல்லாம் ஒரே மாதிரி. நான்காவது ஸ்டாப். பஸ் நிற்கிறது. கதவு திறந்து மூடியது நாற்பத்துமூன்று தடவை. உடனே கிராஷ்.

விஷயம் எனக்குப் புரிந்துவிட்டது. கதவு திறக்கும்போதெல்லாம் ஸ்டாப்பில் நிற்கிறவர்களின் பேச்சுச் சத்தம் புதிதாக மெமரியில் ஏறுகிறது, பழையது இறங்குவதில்லை. சின்ன ஓட்டை. பெரிய மெஷினில் ஐந்நூறு தடவை திறந்தால்தான் விழும். எவன் ஐந்நூறு தடவை திறப்பான்? இந்த மெஷினில் மெமரி குறைவு, நாற்பத்துமூன்றிலேயே நிரம்பிவிடுகிறது.

"இவன் வேணும்னே பண்றான்" என்றேன். உள்ளுக்குள் கொஞ்சம் பொறாமைகூட. என் தொழிலில் எனக்கே போட்டியாக ஒருவன். சம்பளம் வாங்காமல் செய்கிறான்.

கஞ்சம் எட்டிப் பார்த்தாள். "வேணும்னே பண்ணாலும் ஓட்டை நம்மளதுதானே. அடைச்சுடலாம்."

"சத்தத்தோட வேலையெல்லாம் பழைய ஆள் எழுதினது. அவன் வேலைய விட்டுட்டுப் போயே ரெண்டு வருஷமாச்சு. அதுக்குள்ள கைய விட்டா வாரக் கணக்காகும். நமக்கு இருக்கிறது ரெண்டு நாள்."

மேனேஜர் பலகைக்கும் எங்கள் மேசைக்கும் நடுவே குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தார். நான் சொன்னேன். நான்தான் சொன்னேன், இதில் யார் மேலும் பழி போட முடியாது. "ஒரே ஒரு மெஷின். வேலையத்த எவனோ ஒருத்தன். அவன் அனுப்புறத வாங்காதபடி தடுத்துடுங்க. ஏழு நாலாயிடும். ஓட்டைய அடுத்த மாசம் நிதானமா அடைச்சுக்கலாம்."

பதினொரு வருஷத்தில் அவள் ஒரு எண்ணையும் ஏமாற்றிக் குறைத்ததில்லை. என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு அந்த மெஷினின் விவரத்தைத் திறந்தாள். "மூணு ஜிபியா? இத வெச்சுக்கிட்டு இன்னும் ஆடறான் பாரு, பாவம்" என்றாள். அந்த மூன்றை ஒரு நிமிஷம் பார்த்துக்கொண்டே இருந்தாள். அதற்குள் மேனேஜர், "ஆச்சா?" என்று கேட்டார். அவள் தடுத்துவிட்டாள்.

தடுத்த மெஷினுக்குப் பெட்டியில் ஏதாவது சொல்ல வேண்டுமே. அவளே தட்டினாள்: "இங்கிருந்து நீங்கள் அனுப்புவது எதுவும் இனி ஏற்கப்படமாட்டாது. மேற்கொண்டு எழுத வேண்டாம்." கொஞ்சம் முரட்டுத்தனமாக இருக்கிறதே என்று, கடைசியில் "நன்றி" சேர்க்கச் சொன்னதும் நான்தான்.

மறுநாள் பலகையில் நான்கு என்று எழுதினார்கள். மேனேஜர் கேக் வெட்டினார். கஞ்சம் ஒரு துண்டை எடுத்து ஓரமாக வைத்தாள், சாப்பிடவில்லை.

பதினோராவது நாள் காலை அவள் போன் அடித்தது. அண்ணி. இரண்டு வருஷத்தில் அண்ணியாக இவளைக் கூப்பிட்டதே இல்லை. அண்ணனுக்கு ஏதோ ஆகிவிட்டது என்றுதான் இவள் எழுந்து நின்றாள். அண்ணி கத்திய கத்தல் என் மேசைவரை கேட்டது.

"ஏம்மா, பேசப் பிடிக்கலைன்னா விட்டுடு. பொறந்த அண்ணனுக்கு இப்படியா எழுதி அனுப்புவ? பத்து நாளா மனுஷன் சரியா சாப்பிடல. கேட்டா வாயத் தொறக்கல. நேத்துதான் கம்ப்யூட்டரப் போட்டுக் காமிச்சாரு. தெனமும் உனக்கு எழுதிட்டிருந்தாராமே. எனக்குக்கூடத் தெரியாது. வேணாம்னா உன் வாயால சொல்லியிருக்கலாமே!"

"நான் என்ன எழுதினேன் அண்ணி?"

அண்ணி எழுத்துக் கூட்டி வாசித்தாள். இங்கிருந்து நீங்கள் அனுப்புவது எதுவும் இனி ஏற்கப்படமாட்டாது. மேற்கொண்டு எழுத வேண்டாம். நன்றி. அந்த நன்றியையும் விடாமல் வாசித்தாள்.

கஞ்சம் போனைக் காதிலிருந்து எடுக்காமலே உட்கார்ந்தாள். "மூணு ஜிபி" என்றாள். "நான்தானேயா மாட்டினேன். ரெண்டும் ஒண்ணும். என் கையால மாட்டினேன்." அவள் சொன்னாள், "அந்த எழுத்தையெல்லாம் திற."

எங்கேயோ சேர்ந்து கிடக்கட்டும் என்று அவள் ஒதுக்கியது நிஜமாகவே சேர்ந்துதான் கிடந்தது. அந்த மெஷின் எண்ணைப் போட்டுத் தேடினேன். இருநூற்றுப் பன்னிரண்டு.

ஆரம்பத்தில் எல்லாம் வண்டி விஷயம்தான். நாலாவது வளைவில் நின்றுவிட்டது, கியர் சத்தம் சரியில்லை, ஹாரன் ஆட்டோ ஹாரன் மாதிரி இருக்கிறது. அப்புறம் அம்மா போன தேதி. அதற்குப் பிறகு நான்கு மாதம் ஒன்றும் இல்லை. பிறகு ஒருநாள், "நின்னுடுச்சு" என்று ஒரே சொல். ஒரு வாரம் கழித்து, "நின்னுடுச்சு. அண்ணிக்குக் கண் ஆபரேஷன் ஆச்சு. நல்லா இருக்கா." அவள் திரையை நகர்த்தச் சொன்னாள். நகர்த்தினேன்.

"அம்மாவோட பீரோவ ஒழிச்சோம். உன் ஸ்கூல் சட்டை ஒண்ணு இருந்துச்சு. எடுத்து வெச்சிருக்கேன்."

"ஞாயித்துக்கெழம போன் வர்றதில்ல இப்பல்லாம். நான் எடுக்கலைன்னா நீ நிறுத்திடுவியா?"

"அன்னிக்கு எல்லார் முன்னாடியும் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. ஆனா நீ வந்திருக்கணும். அம்மா கதவையே பாத்துட்டிருந்தாங்க."

இதைப் படித்ததும் அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் நிறுத்தட்டுமா என்று கேட்டேன். தலையை ஆட்டினாள், வேண்டாம் என்று.

இரண்டு மாதத்துக்கு முன் எழுதியது: "முன்னெல்லாம் வாரத்துக்கு நாலு தடவ நிக்கும். இப்ப நிக்கவே மாட்டேங்குது. நல்லாத்தான் வேலை பண்ற. எனக்கு எழுதத்தான் எடமில்லாமப் போச்சு."

அதற்கு ஒரு மாதம் கழித்து: "கண்டுபுடிச்சுட்டேன். நாலாவது ஸ்டாப்புல வண்டிய நிறுத்திக் கதவத் தொறந்து தொறந்து மூடினா நின்னுடுது. எழுதறதுக்காகத்தான் நிறுத்தறேன். இத மட்டும் சரி பண்ணிடாத."

அதன் பிறகு தினமும். என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்ற எங்கள் கேள்விக்கு ஒருநாள் நேராகவே பதில் சொல்லியிருந்தார். "என்ன செஞ்சிட்டிருந்தேனா? கதவத் தொறந்து வெச்சுட்டு ஒக்காந்திருந்தேன். யாரும் ஏறல." கடைசியாக வந்தது நாங்கள் தடுத்ததற்கு முந்தின நாள்: "படிக்கறியா இல்லையா? பதில் எழுத வேணாம். படிச்சேன்னு ஒரு புள்ளியாவது வை."

வாழ்க்கையில் எத்தனையோ ஓட்டையைக் கண்டுபிடித்துப் பெருமைப்பட்டிருக்கிறேன். வேலையத்த எவனோ ஒருத்தன் என்று அன்று சொன்ன என் வாயை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. "என்னாலதான்" என்றேன்.

"உன்னால ஒரு தடவ. என்னால இருநூத்திப் பன்னெண்டு தடவ" என்றாள். பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டாள். அவர் ஊருக்கு ஆறு மணி நேரப் பயணம்.

அவள் போனதும் நான் செய்த முதல் வேலை அந்தத் தடையை எடுத்தது. மேனேஜர் வந்து நின்றார். "எடுத்தா மறுபடியும் ஏழாயிடுமே?"

"ஏழுதான் நிஜம். நாலுன்னு எழுதினது பொய்."

அவர் பலகையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். என்ன நினைத்தாரோ, துணியை எடுத்து நான்கை அழித்துவிட்டு, எதுவும் எழுதாமல் போனார். அந்தப் பெரிய கம்பெனிக்கு என்ன பதில் சொல்வது என்று இன்றுவரை எங்களில் யாருக்கும் தெரியாது.

மறுநாள் மத்தியானம் அவள் போன் செய்தாள். வாசல்படியில் உட்கார்ந்து பேசுகிறாளாம்.

"ராத்திரி வந்து சேந்தேன். இன்னும் என்கிட்ட ஒரு வார்த்தை பேசல. அண்ணிகிட்டதான் சொல்றாரு. வந்தவங்களுக்குத் தண்ணி குடு, அவங்களுக்குப் பாய் போடு. அவங்களாம்யா நான். இத்தன வருஷத்துல 'வாடி போடி'ன்னு சொல்லாம என்னைக் கூப்பிட்டதே இல்ல. அடிச்சிருந்தாக்கூட இப்படி வலிச்சிருக்காது."

"கம்ப்யூட்டர்?"

"மேல துணியப் போட்டு மூடி வெச்சிருக்காரு."

"தடைய எடுத்துட்டேன்" என்றேன். வேறு என்ன சொல்வது? ஆறுதல் எனக்கு வராது என்றுதான் முதலிலேயே சொன்னேனே.

அவள் கேட்டாள், "கதவ எத்தனை தடவ தொறக்கணும்?"

"நாப்பத்துமூணு."

"சரி, வைக்கிறேன்."

அவள் மறைத்து வைத்திருந்த அந்த எழுத்துப் பகுதியை எல்லார் திரையிலும் தெரியும்படி திறந்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். மத்தியானம் முழுக்க வேறு எதையும் உடைக்கவில்லை. நாலு மணி பத்து நிமிஷத்துக்கு ஒரு அறிக்கை வந்தது. மூன்று ஜிபி. நான்காவது ஸ்டாப். பஸ் நிற்கிறது. கதவு திறந்து மூடியது நாற்பத்துமூன்று தடவை.

என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்ற கேள்விக்குக் கீழே இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். ஒரே பெட்டியில், ஒருவர் மாற்றி ஒருவர். பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, கீபோர்டை இவர் பக்கமும் அவர் பக்கமும் நகர்த்தி நகர்த்தி எழுதியிருக்க வேண்டும். நான் படிக்கக் கூடாதுதான். படித்தேன்.

"பக்கத்துலதான் ஒக்காந்திருக்கா. வாயத் தொறந்தா அழுதுடுவேன், அதான் இதுல எழுதறேன். அன்னிக்கு ஏன்டி வரல?"

"வேலை இல்லண்ணா. மத்தியானமே முடிஞ்சிடுச்சு. நான் வந்தா அம்மா போயிடுவாங்கன்னு பயமா இருந்துச்சு. அங்கயே ஒக்காந்துட்டேன்."

"ஊசி போட டாக்டர் வந்தா கட்டிலுக்கு அடியில போய் ஒளிஞ்சுக்குவ. இன்னும் அந்தப் பழக்கம் போகலியா?"

"போகல."

"நான் எழுதினதெல்லாம் படிச்சியா?"

"நேத்துதான் படிச்சேன். அதுவரைக்கும் யாரும் படிக்கலண்ணா. நான்தான் மூடி வெச்சிருந்தேன்."

இதற்குக் கீழே நாலைந்து வரி காலியாக இருந்தது. எழுதி எழுதி அழித்தாரோ, எழுதாமலே தட்டிக்கொண்டிருந்தாரோ, அது எங்களுக்கு வராது. அதற்கும் கீழே அண்ணனின் கடைசி வரி.

"சரி விடு. இனிமே அந்தக் கதவ சரி பண்ணிடு."